ஹிருத்தின் முதலெழுத்து

லெம்லெமைப் பற்றி அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும் முதலில் அவள் வேகத்தைத்தான் சொல்வார்கள். அடிஸ் அபாபாவில் அராத் கிலோ என்ற வட்டாரத்தில் ஆறு மாடிக் கட்டிடம் ஒன்றின் நாலாம் மாடியில், பதினான்கு வருஷமாக ஜாவா என்ற கணினி மொழியில் இணையதளங்கள் எழுதுகிறாள். மற்றவர் அரை நாள் மாரடிக்கும் வேலையை அவள் காப்பி ஆறுவதற்குள் முடித்துவிடுவாள். கல்யாணத்தைக்கூட ஆறே வாரத்தில் முடிவு செய்து, ஆறு வருஷம் கழித்து அதே வேகத்தில் முறித்துக்கொண்டு வந்தவள். முடித்த வேலையைத் திரும்பிப் பார்ப்பது ஒன்றுதான் அவளுக்கு வராத வித்தை.

அந்த வேகத்தைக் கேலி பேச அடிஸ் அபாபா முழுவதிலும் ஒரே ஒருத்திக்குத்தான் உரிமை இருந்தது. கட்டிடத்தின் வாசற்படி ஓரம், தகரக் கூரைக்குக் கீழே பச்சைப் புல்லைப் பரப்பி, கரி அடுப்பில் கழுத்து நீண்ட மண்கூஜாவை வைத்துக் காப்பி விற்கும் ஹிருத். ஐம்பதைத் தொட்டவள். காப்பி என்றால் அங்கே உட்கார்ந்து மூன்று சுற்றுக் குடிக்க வேண்டும். மூன்றாவதுதான் ஆசீர்வாதக் கோப்பை. லெம்லெம் ஒருநாளும் மூன்றாவதைக் கண்டதில்லை. நின்றபடியே முதல் கோப்பையைத் தொண்டையில் கவிழ்த்துக்கொண்டு படியேறுவாள்.

"உக்காருடி கம்ப்யூட்டர்காரி. மெல்ல மெல்லப் போனா முட்டைக்குக்கூடக் கால் முளைக்கும்."

"முளைச்சு நடந்து வரட்டும் அக்கா. எனக்கு மேல மீட்டிங்."

"ஆசீர்வாதம் வேணாம்னு ஓடுற ஒரே கிறிஸ்தவச்சி நீதான்."

ஹிருத்துக்கு இரண்டு விஷயங்களில் கர்வம். ஒன்று, அவள் வறுக்கும் கொட்டை. மற்றது, அவள் பெயரின் முதலெழுத்து. அம்ஹாரிய மொழியில் 'ஹ' என்ற ஓசைக்கு மூன்று எழுத்துகள் உண்டு. ஒரு காலத்தில் வேறு வேறாக ஒலித்தவை; இப்போது வாயில் எல்லாம் ஒன்று, காகிதத்தில் மட்டும் மூன்று. சின்ன ர, பெரிய ற என்று நம் பிள்ளைகள் தடுமாறுவதைப் போலத்தான். அல்லேலூயாவின் ஹ, கப்பலின் ஹ, பலரின் ஹ என்று அவற்றுக்குப் பெயர். அவசர உலகம் எல்லாவற்றுக்கும் முதல் ஹ-வையே போட்டு எழுதிவிட்டுப் போகும். யாரும் கேட்பதில்லை. ஹிருத் கேட்பாள். தேவாலயத்தில் தோல் ஏடுகளில் எழுதிப் பிழைத்த அவள் அப்பா சாஹ்லு அவளுக்கு வைத்தது பலரின் ஹ. பெயருக்கு நன்மை என்று பொருள். அந்த ஹ-வில் எழுதினால்தான் நன்மை, மற்றதில் எழுதினால் வெறும் சத்தம் என்பது அவள் கட்சி. கடை உரிமச் சீட்டில் எழுத்து மாறி வந்ததென்று மூன்று நாள் நடையாய் நடந்து திருத்தி வாங்கியவள்.

அந்த ஹிருத்துக்குக் கண்ணுக்குள் அழுத்தம். வலது கண் போயே போய்விட்டது. இடது கண்ணிலும் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது. அறுவை செய்தால் மிச்சம் இருப்பது நிற்கும், போனது திரும்பாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தக் கண் மருத்துவமனையில் அறுவை மேசை இரண்டு, காத்திருப்பவர்கள் எண்ணூறு பேர். வரிசையில் பெயரைப் பதிந்துவிட்டு முறை வரக் காத்திருக்க வேண்டும்.

அந்த வரிசையை நடத்தும் இணையதளத்தை எழுதியவளே லெம்லெம்தான்.

ஒவ்வொரு நோயாளிக்கும் அதில் ஒரு பக்கம். பக்கத்தின் முகவரி என்பது அவரவர் பெயரும் அப்பா பெயரும்தான், சொந்த எழுத்திலேயே. முறை வந்ததும் அந்த முகவரி குறுஞ்செய்தியாகத் தொலைபேசிக்குப் போகும். தொட்டால் பக்கம் திறக்கும், தேதி தெரியும். கீழே 'வருகிறேன்' என்ற பொத்தானை ஏழு நாளுக்குள் அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் முறை அடுத்தவருக்குப் போய்விடும். இரண்டு தடவை தவறினால் பெயர் வரிசையின் வாலுக்குப் போகும். நோய் விவரம் அடுத்தவர் கண்ணில் படக் கூடாதென்று, செய்தியில் 'உங்கள் பக்கத்தைப் பாருங்கள்' என்பதற்கு மேல் ஒன்றும் இராது. பண்டிகை வாழ்த்தும் அதே முகவரியோடுதான் வரும்.

புத்தாண்டு வாரம், தெருவெல்லாம் மஞ்சள் பூ விற்கிற மஸ்கரம் மாதத்தில், ஹிருத்தின் பெயரை லெம்லெமே பதிந்தாள். அன்றைக்கு அதிசயமாக முக்காலியில் உட்கார்ந்தாள். மடியில் கணினி.

"எந்த ஹ போடுற?" என்றாள் ஹிருத்.

"பலரின் ஹதான் அக்கா. வேற ஹ போட்டுட்டு நான் இந்தத் தெருவுல நடக்க முடியுமா?"

"எங்கப்பா பேருக்கு?"

"ராஜாவோட ச. அதுவும் தெரியும்." அந்த மொழியில் ச-வுக்கும் இரண்டு எழுத்து.

ஹிருத் இடது கண்ணைத் திரைக்கு ஒரு சாண் தூரத்தில் கொண்டுபோய், எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தாள். "எங்கப்பா இருந்திருந்தா உன் நெத்தியில முத்தம் குடுத்திருப்பார்" என்று சொல்லி, காப்பியில் மணப்பச்சிலை ஒரு கிள்ளு கூடுதலாகப் போட்டுக் கொடுத்தாள். லெம்லெம் வாழ்க்கையில் நிதானமாகச் செய்த வேலைகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். இது அதில் ஒன்று.

இப்போது அந்தத் தளத்தின் வாசலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜாவாக்காரர்கள் வாசலில் காவலாளிகளை நிறுத்துவார்கள். ஃபில்டர் என்று பெயர். வருகிற முகவரி ஒவ்வொன்றும் அவர்களைத் தாண்டித்தான் உள்ளே போக முடியும். லெம்லெம் முதலில் ஒரே ஒரு காவலாளியைத்தான் வைத்திருந்தாள். எழுத்தைச் சமன் செய்பவன். எந்த ஹ-வில் வந்தாலும் அதை அல்லேலூயாவின் ஹ-வாக மாற்றிக்கொள்வான், எந்த ச வந்தாலும் ஒரே ச. உள்ளே பக்கங்களும் அப்படியே அடுக்கப்பட்டிருந்தன. ஆகவே எவர் எப்படி எழுதி வந்தாலும் அவரவர் பக்கம் கிடைத்துவிடும். நல்ல யோசனை. அவளுடைய யோசனைதான்.

பிறகு திறப்பு விழா வந்தது. அன்று காலை மருத்துவமனை இயக்குநர் வந்து உட்கார்ந்து, ஏதோ ஒரு முகவரியைத் தப்பும் தவறுமாகத் தட்டினார். திரை வெள்ளையாக வெளுத்து, நானூற்று நான்கு, பக்கம் இல்லை என்றது.

"இது ஆஸ்பத்திரியா, போலீஸ் ஸ்டேஷனா?" என்றார் இயக்குநர். "வர்றவங்கள இப்படியா விரட்டுறது? மத்தியானம் மந்திரி அலுவலகத்துல இருந்து ஆள் வர்றாங்கம்மா."

லெம்லெமுக்கு ஐந்து நிமிஷம் போதுமாக இருந்தது. இரண்டாவதாக ஒரு காவலாளியை எழுதினாள். தெரியாத முகவரி வந்தால் 'இல்லை' என்று முகத்தில் அடிக்காமல், சத்தமில்லாமல் முகப்புப் பக்கத்தில் உட்கார வைத்துவிடுவான். நீல நிறம், சிரிக்கிற டாக்டர் படம், நல்வரவு என்ற வாசகம். அவனைக் காவலாளிகளின் வரிசையில் முதல் ஆளாக நிறுத்தினாள். எழுத்தைச் சமன் செய்பவன் அவனுக்குப் பின்னால் போனான். ஆளை அடையாளம் தெரிந்தவன் உள்ளே நிற்க, தெரியாதவன் வாசலில் நின்று வருகிறவர்களைத் திருப்பி அனுப்பினான். சோதனைக்கென்று பதிந்து வைத்திருந்த தன் பெயரைத் தட்டினாள், பக்கம் திறந்தது. பக்கத்து மேசை பெயெனேயின் பெயரைப் போட்டாள், திறந்தது. மத்தியானம் எல்லாரும் கை தட்டினார்கள். 'பதறாத காரியம் சிதறாது' என்று சும்மாவா சொன்னார்கள்.

மஸ்கரத்துக்கு அடுத்த திக்கிம்த் மாதக் கடைசியில் ஹிருத்துக்கு முதல் செய்தி வந்தது. காலை, பொழுது விடிந்து மூன்றாம் மணி. கோப்பையைக் கையில் கொடுத்துவிட்டு, கூடவே தொலைபேசியையும் நீட்டினாள்.

"என் பக்கம் திறந்திருக்குடி. எழுத்து பொடியா இருக்கு, எனக்கு நீலமாத்தான் தெரியுது. கொஞ்சம் படிச்சுச் சொல்லு."

லெம்லெம் காதில் வேறொரு தொலைபேசி. கண்ணை மட்டும் திருப்பினாள். நீலம், டாக்டர், சிரிப்பு. "முகப்புப் பக்கம் அக்கா. உங்க முறை இன்னும் வரலே. வந்தா தானாத் திறக்கும்" என்று சொல்லிவிட்டுப் படியேறினாள்.

தாஹ்சாஸ் மாதம், கிறிஸ்துமஸ் வாழ்த்து வந்தபோது ஹிருத் மறுபடி நீட்டினாள். மறுபடி அதே பதில். இன்னும் இரண்டு மாதம் தள்ளி, எக்காத்தித்தில் மூன்றாவது தடவை.

"ரெண்டு நாளா நெருப்பே சரியாத் தெரியல. இதுல ஏதாவது போட்டிருக்கான்னு படிச்சுச் சொல்லேன்."

"வாழ்த்தா இருக்கும் அக்கா. வரிசை பெரிசு. நான்தானே எழுதினேன், எனக்குத் தெரியாதா?"

"அதுவும் சரிதான். செஞ்சவளே சொன்ன பிறகு வேற யாரைக் கேக்கப் போறேன்" என்றாள் ஹிருத், தொலைபேசியை முந்தானைக்குள் வைத்துக்கொண்டே.

மூன்று தடவையும் லெம்லெம் அந்தத் தொலைபேசியைக் கையில் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் திரையின் மேல்விளிம்பில், முகவரியில், ஹிருத் சாஹ்லு என்ற பெயர் பளிச்சென்று நின்றிருக்கும். பெயர் போட்ட முகவரிக்குக் கீழே பொதுப் பக்கம் இருக்கவே முடியாது என்பது அவளே வகுத்த விதி. அரை விநாடி படித்திருந்தால் போதும், அங்கேயே புல்லில் உட்கார்ந்து தலையில் கை வைத்திருப்பாள்.

அதற்கு அடுத்த மகாபித் மாதத்தில் மருத்துவமனையிலிருந்து வுபித் சிஸ்டர் நாலு மாடி ஏறி வந்தார். வரிசையைக் கவனிக்கிற நர்ஸ். மூச்சு வாங்க ஒரு காகிதத்தை மேசையில் போட்டார்.

"மேசை காலியாக் கிடக்கு தங்கச்சி. டாக்டர் கையைக் கட்டிட்டு உக்காந்திருக்கார். கூப்பிட்டதுல நாப்பத்து மூணு பேர் பதிலே சொல்லல. மொத்தமாச் செத்தாப் போயிட்டாங்க?"

"வயசானவங்க சிஸ்டர். பொத்தானைத் தொடத் தெரியாது" என்றான் பெயெனே.

"மத்த வயசானவங்களுக்கெல்லாம் தெரியுதே. இவங்க விரல் மட்டும் என்ன, மெழுகா?"

லெம்லெம் இரண்டு நாள் தேடினாள். சொந்த எழுத்தில் போகும் முகவரி வழியில் சிதைகிறதோ என்று பார்த்தாள், சிதையவில்லை. பழைய தொலைபேசிகளோ என்று நாலு கடையில் வாங்கி வந்து பார்த்தாள், இல்லை. சர்வரின் பதிவேட்டைப் புரட்டினாள். அந்த நாற்பத்து மூன்று பேரும் வந்திருந்தார்கள். ஒருவர் விடாமல் வந்து, தொட்டு, பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒவ்வொரு வருகைக்கும் எதிரே இருநூறு என்ற எண். எல்லாம் நலம் என்பதற்கு அதுதான் அடையாளம். இரண்டாவது காவலாளி யாரையும் இல்லையென்று சொல்லாததால், பதிவேட்டில் ஒரு குறையும் ஏறவில்லை. ஒரு சிலர் பதினைந்து, இருபது தடவை வந்திருந்தார்கள்.

மூன்றாம் நாள்தான் சிஸ்டர் விட்டுப் போன காகிதத்தைக் கையில் எடுத்துப் படித்தாள். ஐந்தாவது பெயர் வருவதற்குள் ஏதோ உறுத்தியது. ஏதோ பாதிரியார் கையால் எழுதின பட்டியல் மாதிரி இருந்தது. கப்பலின் ஹ, பலரின் ஹ, ராஜாவின் ச. எல்லாம் அழகான பெயர்கள், எல்லாம் சரியான எழுத்துகள்.

"பெயெனே, உன் பேர்ல ஹ இருக்கா?"

"இல்லையே."

"ச?"

"இல்ல. என்ன திடீர்னு எழுத்துப் பாடம்?"

"என் பேர்லயும் இல்ல" என்றாள் லெம்லெம்.

காவலாளிகளின் பட்டியலைத் திறந்து, இரண்டு வரிகளை இடம் மாற்றினாள். எழுத்தைச் சமன் செய்பவன் முன்னால் வந்தான்; அவன் கைக்கு வருமுன்பே பலரின் ஹ-வைத் தெரியாத முகவரி என்று முகப்புக்குத் தள்ளிக்கொண்டிருந்தவன் பின்னால் போனான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. முதல் பெயரைத் தட்டிப் பார்த்தாள், பக்கம் திறந்தது. பெயெனே எழுந்து வந்து தோளில் தட்டினான். "அட, இவ்வளவுதானா! உன் கை கைதான்" என்றான். அவள் காகிதத்தில் மிச்சப் பெயர்களைப் படித்துக்கொண்டிருந்தாள். பதினேழாவது பெயர் ஹிருத் சாஹ்லு. பலரின் ஹ, ராஜாவின் ச. அவளே தட்டியது. அழைத்த நாள்: திக்கிம்த், எக்காத்தித். பதில் இல்லை. வரிசையின் கடைசிக்கு மாற்றப்பட்டது.

அன்று லெம்லெம் முன்வாசல் படியில் இறங்கவே இல்லை. பின்பக்க வழியாக வீட்டுக்குப் போனாள். பயந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும், வேறு பெயர் அதற்குக் கிடையாது.

வுபித் சிஸ்டர் ஹிருத்தின் பெயரை வரிசையின் முன்னுக்குக் கொண்டுவந்தார். மறுவாரமே டாக்டர் பார்த்தார். நரம்பு செத்துவிட்டது, இனி கத்தி வைத்துப் பயனில்லை, வெளிச்சமா இருட்டா என்று மட்டும் தெரியும், அதுவும் எத்தனை நாளோ என்றார். திக்கிம்தில் வந்திருந்தால், என்று தொடங்கினார், முடிக்கவில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நாம் எதற்கெல்லாமோ சொல்லிக்கொள்கிறோம். இங்கே அதைச் சொல்ல வாய் வரவில்லை. நாற்பத்து மூன்று பேரில் முப்பத்தேழு பேருக்கு மறுபடி முறை கிடைத்து, மிச்சப் பார்வை நின்றது என்பதையும் சொல்லிவிட வேண்டும். லெம்லெமிடம் அலுவலகத்தில் எல்லாரும் அந்த முப்பத்தேழைத்தான் சொன்னார்கள்.

பத்து நாள் கழித்து அவள் காப்பிக் கடைக்குப் போனாள். ஹிருத் வழக்கம்போல அடுப்பின் முன்னால் இருந்தாள். கொட்டை வறுபட்டதை மணத்தில் தெரிந்துகொண்டாள், கோப்பை நிறைந்ததைச் சத்தத்தில். கோப்பை கழுவித்தர அக்கம்பக்கத்துப் பெண் ஒருத்தி வந்துபோனாள். லெம்லெம் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஹிருத் பழகிய காலடியைக் கேட்டு அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"யாரு, லெம்லெமா? உக்காந்துட்டியா? உடம்புக்கு ஏதும் ஆயிடுச்சா?"

லெம்லெம் எல்லாவற்றையும் சொன்னாள். இரண்டு காவலாளிகளை, விழாவை, ஐந்து நிமிஷத்தை, எழுத்தை. எதையும் மழுப்பவில்லை. ஹிருத் கரியைக் கிளறிக்கொண்டே கேட்டாள்.

"அப்போ, தப்பா எழுதியிருந்தா தப்பிச்சிருப்பேன்?"

"ஆமாக்கா. சாதாரண ஹ போட்டிருந்தா உங்க பக்கம் அன்னைக்கே திறந்திருக்கும்."

"எங்கப்பா செத்ததே நல்லதாப் போச்சு" என்றாள் ஹிருத். பிறகு சொன்னாள்: "உன் மெஷினுக்கு என்னைத் தெரியல. சரி, அது மெஷின், அதுங்கிட்ட எனக்கென்ன கோபம். நான் உங்கிட்டக் கொண்டுவந்து மூணு தடவை நீட்டினேன். முறை வந்துச்சான்னு கேக்கல லெம்லெம். படிச்சுச் சொல்லுன்னுதான் கேட்டேன். நீ படிக்கவே இல்ல."

"இல்லக்கா. படிக்கல."

ஹிருத் திட்டியிருந்தால், அழுதிருந்தால், கோப்பையை விட்டெறிந்திருந்தால்கூட லெம்லெமுக்குத் தேவலை. இப்படி ஒரு சின்ன வாக்கியத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? அது அவளோடேயே வீட்டுக்கு வந்தது.

இப்போதெல்லாம் லெம்லெம் தினமும் காலையில் உட்காருகிறாள். ஹிருத் முந்தானையிலிருந்து தொலைபேசியை எடுத்து நீட்டி, "படி" என்பாள். வந்த செய்தி ஒவ்வொன்றையும் லெம்லெம் முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளிவரை படிப்பாள். தள்ளுபடி விளம்பரத்தை, பரிசு விழுந்ததென்று புளுகுகிற செய்தியை, மெக்கெலே ஊரிலிருந்து ஹிருத்தின் தங்கை அனுப்பும் நலம் விசாரிப்பை. மேலே மீட்டிங்குக்கு நேரமாகும். ஆகட்டும் என்று இருப்பாள்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் மருத்துவமனையிலிருந்து ஒரு செய்தி வந்திருந்தது.

"வாழ்த்து அக்கா. 'நோன்பு நல்லபடி நிறையட்டும். உங்கள் பக்கத்தைப் பாருங்கள்.'"

"திற."

லெம்லெம் தொட்டாள். இம்முறை டாக்டர் சிரிக்கவில்லை, நல்வரவும் இல்லை. பக்கம் திறந்தது.

"திறந்துச்சா?"

"திறந்துச்சுக்கா."

"என் பேர் இருக்கா? எந்த ஹ?"

"பலரின் ஹ. அப்பா பேருக்கு ராஜாவோட ச. சரியா இருக்கு."

"அப்புறம்? கீழே ஒண்ணும் போடலையா?"

போட்டிருந்தது. லெம்லெம் ஓர் எழுத்து விடாமல் படித்தாள்.

"'அறுவை தேவையில்லை'ன்னு போட்டிருக்கு அக்கா."

ஹிருத் தலையாட்டினாள். கூஜாவைச் சாய்த்து, காதைக் கொடுத்துக் கேட்டபடி, சிந்தாமல் விளிம்புவரை ஊற்றினாள். மூன்றாவது சுற்று.

"இந்தா. உக்காந்து குடி" என்றாள்.